சபை கலையலாம்

கற்காலம் முடிந்ததும் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் புது நாடு கண்டுபிடிக்கப் போகிற கப்பல். கப்பல் கரை சேர்ந்த கையோடு அரசவை. மனித குலம் தட்டுத் தடுமாறி, அடித்துக்கொண்டு செத்து, இத்தனை ஆயிரம் வருஷமாகக் கடந்து வந்ததையெல்லாம் ‘நேத்து நடந்த கூத்து’ குழு ஒரே பகலில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். சரித்திரத்தைக் கேலி செய்து ஊரைச் சிரிக்கவைப்பதுதான் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பிழைப்பு. பார்ப்பவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு யுகத்திலிருந்து இன்னொரு யுகத்துக்குக் கால்சட்டை மாற்றுகிற பாடு, முதுகு வலிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

முதுகு வலிக்கிறவன் மந்திரி. அவனுக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. கோபம் வந்தால் மட்டும் மனைவி அதைச் சொல்லிக் கூப்பிடுவாள். மற்றபடி முடிவெட்டுகிறவர் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் ‘வாங்க மந்திரி’தான். அரசராக நடிப்பவர் அவனுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர். உயரமும் குரலும் அவருக்கு வாய்த்திருந்தன. அதனால் எந்தக் காலமானாலும் அவர்தான் தலைவர். அரசவையில் அரசர், கப்பலில் கேப்டன், நீராவி என்ஜின் காலத்தில் ஆலை முதலாளி. எந்தக் காலமானாலும் மந்திரி அவருக்கு இடப்பக்கம் நிற்பான். குனிந்து காதைக் கடிப்பான். அத்தான் நிமிர்ந்து, மீசையை நீவி, அதையே தன் மூளையில் உதித்ததுபோல முழங்குவார். படப்பிடிப்பு பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் கூடம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒன்றும் தெரியாத ராஜா, எல்லாம் சொல்லிக்கொடுக்கிற மந்திரி. இதில் ஒரே ஒரு விஷயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அது நடிப்பே இல்லை.

அத்தானுக்கு மறதி. சும்மா சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மறதி இல்லை. முதல் தடவை அது ஓர் அரசவைக் காட்சியில் வந்தது. பாதி வசனத்தில் நின்றுவிட்டார். கண் இரண்டும் கூடத்தின் மேல் சுவரில் எதையோ தேடின. மந்திரி என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே குனிந்து, மிச்ச வசனத்தை அவர் காதில் ஓதினான். அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். கூடம் அதிர்ந்தது. நிகழ்ச்சியின் இயக்குநர், எல்லோருக்கும் மேடம், ஓடிவந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினாள். “எங்கேருந்து சார் புடிச்சீங்க இத? வாராவாரம் வேணும் எனக்கு!”

வாராவாரம் ஆயிற்று. தன் வசனத்தையும் அத்தான் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்வது மந்திரியின் தலையில் விழுந்தது. உயரமான ஆளின் காதுக்கு எட்ட வேண்டுமானால் அவர் சிம்மாசனத்தில் உட்கார வேண்டும், இவன் வளைய வேண்டும். வளைந்து வளைந்து முதுகுத்தண்டு ஒரு பக்கமாகப் போய்விட்டது. சிரிப்பெல்லாம் அத்தானுக்கு, வலியெல்லாம் இவனுக்கு. இதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எப்படிப் பேசுவது? ‘அத்தான், உங்களுக்கு ஞாபகம் தப்புது’ என்று எந்த மச்சினன் வாயைத் திறப்பான்?

ஒரே ஒரு வசனம் மட்டும் அத்தானுக்கு மறந்ததே இல்லை. “சபை கலையலாம்.” எந்தக் காலத்துக் காட்சியும் அந்த வரியில்தான் முடியும். கப்பல் கேப்டனும் அதைத்தான் சொல்வார், ஆலை முதலாளியும் அதைத்தான் சொல்வார். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள். பின்னால் விளக்குப் பலகை முன் உட்கார்ந்திருக்கும் லைட்காரர் நாள் முழுக்க அரைத் தூக்கத்தில் இருப்பவர். கதை என்ன, காலம் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வரி காதில் விழுந்தால் கை தானாகப் போய் எல்லா விளக்கையும் அணைத்துவிடும்.

அன்றைக்குக் கற்காலம் நன்றாகவே போயிற்று. கற்காலம் எப்போதும் நன்றாகத்தான் போகும். அங்கே பேச்சே கிடையாது, வெறும் உறுமல். அத்தான் முதன்முதலாக நெருப்பைக் கண்டுபிடித்து, அதில் விரலைச் சுட்டுக்கொண்டு, நெருப்பின் மேல் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை இல்லை, காதைக் கடிக்க ஆள் இல்லை, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஓரத்தில் நின்று பார்த்த மந்திரி தானும் கைதட்டினான். என்ன நடிகன்யா இந்த மனுஷன்! பேச்சு என்று ஒன்றை எவன் கண்டுபிடித்தானோ, அவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது.

சாப்பாட்டு வேளையில் மேடம் அரசவைக் காட்சியின் தாள்களைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். “நீங்க கேட்ட மாதிரியே எழுதிட்டேன் மந்திரி சார். இன்னையோட உங்களுக்கு விடுதலை. ஆனா எங்களுக்கு இழப்புதான்.”

ஆமாம், அவன்தான் கேட்டான். முதுகு முடியவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று போன வாரம் அவளிடம் கையெடுத்துக் கும்பிடாத குறை. வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுக்கிற வேலை ஒன்று தயாராக இருந்தது. மூடிய அறை, நாற்காலி, மைக். உட்கார்ந்துகொண்டே செய்யலாம். தன் வசனத்தை மட்டும் பேசினால் போதும். மேடத்திடம் முதுகைப் பற்றி மட்டும் சொன்னான். அத்தானைப் பற்றி மூச்சு விடவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதே வாரம், அத்தான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் வீட்டுச் சமையலறைக்குப் போய் நின்றான். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என்னால முடியலக்கா. அரசர் என்னை நாடு கடத்துற மாதிரி எழுதறாங்க. அடுத்த வாரத்தோட நான் வெளிய வந்துர்றேன்.”

அக்கா திரும்பவில்லை. “நீ சாயங்காலம் உன் வீட்டுக்குப் போயிடுற. நான் எங்கடா போறது? இங்க நான்தான் மந்திரி. எந்தக் கதவு பாத்ரூம் கதவுன்னு காலைல நான்தான் சொல்லணும்.”

அவனுக்குச் சுருக்கென்றது. “அப்ப நான் இருக்கட்டுமா?”

“வேணாம்.” அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. “டாக்டர்கிட்ட போலாம்னு வாய் வலிக்கச் சொல்லிட்டேன். ‘டிவில அவ்வளவு வசனம் பேசறேன், எனக்கென்னடி மறதி’ங்கறாரு. நீ காதுல சொல்றவரைக்கும் அவரு நல்லாத்தான்டா இருப்பாரு. நீ போயிடு.”

“அத்தான்கிட்ட சொல்லிடாதக்கா. நானே பக்குவமா சொல்றேன்.”

“சரி” என்றாள் அக்கா. அவன்தான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒத்திப்போட்டு, கடைசியில் அந்த நாளே வந்துவிட்டது.

தாளைப் புரட்டினான். மேடத்தின் கைவரிசை நன்றாகத்தான் இருந்தது. அரசர் கொட்டாவி விட்டதைப் பார்த்து மந்திரி சிரித்துவிட்டாராம். ராஜத் துரோகம். ஆனால் தண்டனை என்ன என்று அரசருக்குத் தெரியாது. குற்றவாளியிடமே காதைக் கொடுத்துக் கேட்கிறார். மந்திரி தன்னை நாடு கடத்தச் சொல்லித் தானே ஓத வேண்டும். அரசர் அதை முழங்க வேண்டும். படிக்கும்போது மந்திரிக்கே சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு செத்துப்போயிற்று.

மந்திரி வெளியேறிய பின் அரசர் தனியாகப் பேசுகிறார். ‘மந்திரி இல்லாத சபையில்’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம். பக்கத்தில் ஒரு ஈ காக்காய் கிடையாது.

எழுந்து ஓடினான். “மேடம், இந்தக் கடைசிப் பேச்சு வேணாம் மேடம். நான் போனதும் முடிச்சிருங்க.”

“என்ன சார் விளையாடறீங்களா? அதுதான் சார் காட்சியே! அவ்ளோ சிரிச்சவங்களை அழ வைக்கப்போறாரு பாருங்க.”

“அவருக்குக் கொஞ்சம் களைப்பா இருக்கு மேடம்.”

“யாருக்கு சார் களைப்பு இல்ல? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?” தெரியாது. ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, மேக்கப்புக்கும் மசியாமல் நின்றது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சொன்னால் அத்தான் அந்த நிமிஷமே நோயாளி ஆகிவிடுவார். சொல்லாவிட்டால், கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, நடுச் சபையில் வாயடைத்து நிற்பார். இரண்டுக்கும் காரணம் அவன்தான்.

ஒப்பனை அறையில் அத்தான் கேப்டன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாட்டு ஏதாவது ஓடுகிறதாக்கும் என்று மந்திரி நினைத்தான்.

“இப்ப எந்தக் காலம் மாப்ளே?” என்று கேட்டார். குழுவில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான் அது. அத்தான் கேட்கும்போது மட்டும் அதில் வேடிக்கை இருக்காது.

“கப்பல் அத்தான். நீங்க கேப்டன்.”

“அரசவை?”

“அதுக்கப்புறம்.”

“சரி சரி” என்று அவர் மறுபடி முணுமுணுப்பில் இறங்கிவிட்டார்.

கப்பல் காட்சி ஏறக்குறைய மூழ்கியது. கரை தெரிந்ததும் படகை இறக்கச் சொல்ல வேண்டிய கேப்டன், எழுந்து நின்று, “யானைப் படையை இறக்குங்கள்!” என்றார். கூடம் ஓவென்று சிரித்தது. மந்திரி நுனிக்காலில் எம்பி, ‘படகு அத்தான், படகு’ என்றான். “யானைகள் படகில் போகட்டும்!” என்று முழங்கி அத்தான் சமாளித்துவிட்டார். மேடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நடுச் சமுத்திரத்தில் யானையைக் கண்டது எப்பேர்ப்பட்ட கற்பனை என்று கேமராக்காரர்கூடப் பாராட்டினார். மந்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் சரிந்தான். போதும் போதும் என்றாகிவிட்டது அவனுக்கு.

அங்கே உட்கார்ந்துதான் வழி கண்டுபிடித்தான். அரசவையில் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திரை தொங்கும். நாடு கடத்தப்பட்ட மந்திரி ஓரத்துக் கதவு வழியாகப் போனபிறகு, யாருக்கும் தெரியாமல் திரைக்குப் பின்னால் தவழ்ந்து வந்தால், சிம்மாசனத்தின் முதுகுப்பக்கம் சேரலாம். அங்கிருந்து மூன்று பக்கத்தையும் ஓதிவிடலாம். நாலு காலில் தவழ்வதற்கு முதுகு ஒத்துழைக்குமா? இன்று ஒரு நாள்தானே, செத்தா போய்விடுவோம் என்று முடிவு கட்டினான். அத்தானிடம் அப்போதாவது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்று அவர் தலையில் கிரீடத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரசவை கூடியது. கிரீடம் ரப்பர் பஞ்சு, சிம்மாசனம் போன வாரம் பல் டாக்டர் நாற்காலியாக நடித்தது, காவலன் கையில் இருந்த ஈட்டி துடைப்பக் கட்டை. ஆனாலும் அத்தான் வந்து உட்கார்ந்ததும் அது சபைதான். அவர் கொட்டாவி விட்டார். மந்திரி சிரித்தான். காவலன் அலறினான், “ராஜத் துரோகம்!” எல்லாம் எழுதியபடியே நடந்தது.

“மந்திரியாரே!” என்றார் அரசர்.

அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று மந்திரிக்குத் தெரியும். தண்டனை என்ன என்று அவர் காதைச் சாய்க்க வேண்டும், இவன் ஓத வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வளைந்தான். கூடம் இப்போதே களுக் களுக் என்று சிரிக்க ஆரம்பித்திருந்தது.

அத்தான் காதைச் சாய்க்கவில்லை. உள்ளங்கையை நீட்டி அவனை நிறுத்தினார். நேராக அவன் முகத்தைப் பார்த்தார்.

“இந்த மந்திரியை நாடு கடத்துகிறேன்” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு எழுத்துப் பிசகாமல், கடைசி வரிசைக்குக் கேட்கிற பழைய குரலில். “இனிமேல் அவர் யாருக்கும் குனிய வேண்டாம்.”

இரண்டாவது வரி தாளில் இல்லை. அத்தானுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அக்காதான். அடிப் பாவி அக்கா! ‘சரி’ என்றாளே தவிர, சொல்ல மாட்டேன் என்று எங்கே சொன்னாள்?

“போ” என்றார் அத்தான் மெதுவாக.

கூடத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது. மந்திரி எப்படியோ நடந்து ஓரத்துக் கதவைத் தாண்டினான். தாண்டியதும் மண்டியிட்டு, திரைக்குப் பின்னால் தவழ்ந்தான். முதுகு தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிம்மாசனத்தின் பின்பக்கம் சேர்ந்து, வாயைத் திரைக்குக் கொண்டுபோனான்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. யாரோ இருமினார்கள்.

“மந்திரி இல்லாத சபையில்” என்று கிசுகிசுத்தான்.

திரையோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

“அத்தான், மந்திரி இல்லாத சபையில்... சொல்லுங்க அத்தான், சொல்லுங்க.”

சிம்மாசனம் கிரீச்சிட்டது. அவர் எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இன்னும் மூன்று பக்கம் பாக்கி.

“சபை கலையலாம்” என்றார் அரசர்.

கூடம் பழக்கத் தோஷத்தில் சேர்ந்து கத்தியது. லைட்காரரின் கை தானாகப் போயிற்று. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன.

இருட்டில் கைதட்டல் கேட்டது. கொஞ்சம் குழம்பிப்போன கைதட்டல், பிறகு பலமானது. மந்திரி நாலு காலில் அப்படியே கிடந்தான். திரை விலகியது. ஒரு பெரிய கை அவன் தோளைத் தேடிப் பிடித்தது.

“எந்திரி மாப்ளே. இங்கதான் வந்து கெடப்பேன்னு தெரியும்.”

“ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க? நான் சொல்லியிருப்பேன்ல?”

“நீ சொல்லுவடா. அதான பிரச்சினை.” அத்தான் அவனைத் தூக்கி நிறுத்த, இரண்டு பேரும் தள்ளாடினார்கள். “ஒரே ஒரு வரி. உங்க அக்கா வாரம் பூரா சொல்லிக்குடுத்தா. உன்னையே உன் வாயால போன்னு சொல்ல வெச்சா நான் என்ன மனுஷன்? அந்தக் குனிய வேணாம்கறது மட்டும் என்னோட சொந்தச் சரக்கு.”

விளக்கு வந்தது. மேடம் தாளை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். “என்ன சார் இது? மூணு பக்கம் சார்! மூணு பக்கம்! மறுபடி எடுக்கணும், உக்காருங்க!”

அத்தான் கிரீடத்தைப் பிய்த்து எடுத்தார். ஒட்டியிருந்த இடத்தில் நெற்றி சிவந்திருந்தது. “முடியாது மேடம். எனக்கு மறந்துபோகுது.”

“வசனம் எல்லாருக்கும் மறக்கும் சார். பின்னாலேருந்து யாராவது எடுத்துக்குடுப்பாங்க.”

“வசனம் மட்டும் இல்லம்மா” என்றார் அத்தான். முதல் தடவையாக அவளை மேடம் என்று சொல்லவில்லை. “காலைல பாத்ரூம் கதவு மறக்குது. உங்க யானையும் கற்பனை இல்ல, அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. இவ்ளோ நாளா இவன் காதுல சொன்னான், நான் சொன்னேன். நீங்கல்லாம் சிரிச்சீங்க.”

மேடம் அவரைப் பார்த்தாள், மந்திரியைப் பார்த்தாள். தாளை மெதுவாகச் சுருட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லாரும் கொஞ்சம் டீ குடிங்க” என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

ஒப்பனை அறையில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தான் அரசரின் காலணியைக் கழற்றப் பார்த்தார். கயிற்றின் எந்த முனையை இழுப்பது என்று தெரியாமல் கை நின்றது. மந்திரி பழக்கத்தில் குனிந்தான்.

“டேய்” என்று அத்தான் அவன் பிடரியில் தட்டினார். “நாடு கடத்தியாச்சுல்ல? நிமிந்து உக்காரு. உங்க அக்கா வருவா. கழட்டிவிட்டு இங்கேருந்தே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா.”

மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தான். முதுகு வலித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதையும் அடக்கவில்லை. அத்தான் காலணியோடு காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.

“நாளைக்கு எந்தக் காலம் மாப்ளே?”

“நாளைக்கு ஒண்ணும் இல்ல அத்தான்.”

“அப்பாடா” என்று அத்தான் கண்ணை மூடினார்.